பக்கத்துக் கட்டம்

"ஃப்ரெடி வரலியா?" என்று அம்மா கேட்டாள்.

அண்ணன் சித்தார்த்தின் படத்திறப்பு முடிந்து, வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். காகிதக் கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த மாயா நிமிரவே இல்லை.

"வரல."

"ஆஸ்பத்திரிலேந்து வூட்டுக்கு வந்துட்டான்னு சொன்னாங்களே. நீ போய் கூப்டேன். அம்மா வரச் சொல்லிச்சுன்னு சொல்லு. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போவட்டும்."

"வண்டி ஓட்டினவன் அவன்மா."

"டிரெய்லர்காரன் வந்து இட்ச்சதுக்கு அவன் இன்னாடி பண்ணுவான்?"

"அஞ்சலி போஸ்டர்ல கூட அவன் பேரு இல்ல. அண்ணனோட தோஸ்து அத்தினி பேரும் பேரு போட்டு ஒட்டிகீறானுங்கோ, அவன் பேரு மட்டும் இல்ல. நான் போய் கூப்ட மாட்டேன். வோணும்னா நீயே போன் போடு."

சுவரில், புத்தர் படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஏறியிருந்த சித்தார்த்தை அம்மா பார்த்தாள்.

"நான் கூப்ட்டா அவன் தாங்க மாட்டான்டி," என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

ஒரு வருடம் கழிந்து, ஒரு சனிக்கிழமை காலையில் வியாகுலம்மாளின் குரல் போனில் வெடித்தபோது மாயாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பேச்சுதான். வியாகுலம்மாள் ஃப்ரெடியின் அம்மா. ஆனால் தான் யாரிடம் பேசுகிறோம் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது. இணையப் பக்கத்தின் அடியில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருந்தார்.

"யாரும்மா அது, செவுரு கம்பெனியா? எம் பொண்ணு ஜானட் கல்யாணத்துக்கு வாழ்த்து போட்டா, அதுக்குப் பக்கத்துலயே சாவு படத்த ஒட்டி வெச்சிகீறீங்களே, கண்ணு இன்னா பொடனிலயா கீது? மாப்ள வூட்ல பாத்துட்டு கத்துறாங்கோ. அத்த எடுக்கறியா இல்ல காச திருப்பிக் குடுக்கறியா?"

செவுரு கம்பெனி என்று அவர் சொன்னது, மாயாவும் அவள் தோழி மகிமாவும் கல்லூரிப் பாடத்துக்காக நடத்திவந்த இணையதளத்தை. இருவரும் பி.சி.ஏ. கடைசி வருடம். மின்வணிகப் பாடத்துக்குப் பரீட்சை கிடையாது, எதையாவது நிஜமாக விற்றுக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார் அத்தாவுல்லா சார். கையில் முதல் இல்லாத மாயா யோசித்து யோசித்து, விற்பதற்கு ஒன்றுமே தேவைப்படாத ஒரு சரக்கைக் கண்டுபிடித்தாள். திரையில் ஒரு பெரிய சதுரம். அது முழுக்க பிக்சல்கள், அதாவது கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டிப் புள்ளிகள். வேண்டியவர்கள் வேண்டிய அளவு புள்ளிகளைக் கட்டம் கட்டமாக வாங்கி, அந்த இடத்தில் தங்கள் படத்தைப் போட்டுக்கொள்ளலாம். விரல் வைத்தால் படம் பெரிதாகும். அவ்வளவுதான் வியாபாரம்.

முதலில் ஒரு புள்ளிகூட நகரவில்லை. திருவொற்றியூரில் மளிகை மொத்தவியாபாரம் செய்யும் மகிமாவின் அப்பா தேவப்பிரியம், "தராசுல ஏறாத சாமானை எவம்மா வாங்குவான்?" என்று சிரித்தார். பெற்ற கடனுக்குத் தன் கடைப் பெயருக்கு மட்டும் ஓர் இடம் வாங்கினார். கொரியர் ஆபீஸ், ஜிம், பிரியாணிக் கடை என்று ஏறி இறங்கியதில் மகிமாவின் செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒருநாள், வியாசர்பாடி ஹவுசிங்போர்டு வாசலில் பையன்கள் ஆசையாகக் கட்டிய பிறந்தநாள் பேனரை மாநகராட்சி லாரி வந்து சுருட்டிக்கொண்டு போனது. வயிறெரிந்து நின்றவர்களிடம் மாயா போய்க் கேட்டாள்: "கார்ப்பரேஷன்காரன் கிழிக்க முடியாத செவுரு ஒண்ணு கீது. வோணுமா?"

அன்றைக்குப் பிடித்தது ஓட்டம். பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கபடி கோப்பை, புது ஆட்டோ என்று எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டன. வடசென்னைக்கு பிக்சல் தெரியாது, ஆனால் பேனர் தெரியும். வாங்கிய இடம் நகம் அளவுக்குத்தான் இருக்கும், அதற்குள் நண்பர்கள் இருபது பேரும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். "இன்னா மாயா, கண்ணாடி மட்டும்தான் தெரியுது, மூஞ்சே காணோம்?" என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். "ஒன் மூஞ்சிக்கு அதுவே லாபம் மாமு," என்று அவன் தோஸ்தே பதில் சொன்னான்.

ராயபுரம் ஜானட்டின் கல்யாண வாழ்த்து வந்தபோது மாயா ஒரு நிமிடம் தயங்கினாள். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில், கீழே வாழ்த்துவோர் வரிசை, அதன் வலது ஓரத்தில் 'அண்ணன்' என்று ஃப்ரெடியின் முகம். பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள். மாப்பிள்ளைக்கு எண்ணூர். அவன் நண்பர்கள் மொத்தமாக வந்து மேலே மூன்று வரிசையை அள்ளிக்கொண்டார்கள். சதுரம் கிட்டத்தட்ட நிறைந்தது. கல்யாணக் கட்டத்துக்கும் பக்கத்தின் வலது ஓரத்துக்கும் நடுவில், ஒல்லியாக ஒரு துண்டு மட்டும் யாரும் சீண்டாமல் கிடந்தது. அதற்கு மேலே தேவப்பிரியத்தின் கடை, கீழே சதுரத்தின் அடி விளிம்பு.

நேற்று மாலை அந்தத் துண்டும் விற்றுப்போனது. 'எல்லாம் முடிஞ்சிட்டு' என்று மகிமாவிடமிருந்து செய்தி வந்ததும் மாயா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே ஆளுக்கொரு தட்டு பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்பிட்டுக் கொண்டாடினார்கள். கடைசித் துண்டில் என்ன படம் என்று மாயா பார்க்கவேயில்லை.

இப்போது பார்த்தாள்.

கறுப்பு வெள்ளைப் பூ வளையம். 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.' விரல் வைத்ததும் படம் விரிந்தது. கோடு போட்ட சட்டை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட திமிர்ச் சிரிப்பு. அவள் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கும் அதே படம்.

சித்தார்த்.

மாயா மகிமாவைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நான்தான் ஓகே பண்ணேன்," என்றாள் மகிமா. கடையில் அரிசி மூட்டை இறங்கும் சத்தம் பின்னால் கேட்டது. "கடைசித் துண்டு வித்தா போதும்னு இருந்தேன். பக்கத்துல கல்யாணம் இருக்குன்னு எனக்கு உறைக்கவே இல்ல. இப்ப மாப்ள பயலுவ வரிசையா மெசேஜ் போட்டுட்டு இருக்கானுவ. நல்ல காரியத்துக்குப் பக்கத்துல சாவு படம்னா எங்களுக்கும் வேண்டாம், துட்டைத் திருப்பிக் குடுங்காங்க. அந்த ஒரு துண்டை எடுத்துரு மாயா. அந்த எடத்துல எங்கப்பா கடையையே பெருசாக்கிடுவோம். திங்கக்கிழமை சாருக்கு முன்னால நிக்கணும்லா?"

திங்கட்கிழமை. சார் வைத்த விதி ஒன்றுதான். விற்றது பெரிதில்லை, விற்றது நிற்க வேண்டும். சதுரம் முழுதாக இருக்க வேண்டும், பணத்தைத் திருப்பிக் கேட்டு யாரும் நிற்கக் கூடாது. நின்றால் பாடத்தில் தோல்வி, அரியர். அரியர் இருந்தால், கேம்பஸில் கிடைத்த வேலை கையைவிட்டுப் போய்விடும். அப்பா சின்ன வயதிலேயே போனார். அண்ணன் சம்பாத்தியமும் போய், அம்மா இந்த வயதில் கம்பெனி கேன்டீனில் ஆளுயர அண்டாவைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். முழங்கால் வீங்கி, இப்போதெல்லாம் படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் மேலே ஏறுகிறாள். அந்த வேலை வந்தால் அம்மா உட்காரலாம். மாயா வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

"மாயா, இருக்கியா?"

"அது எங்கண்ணன்டி," என்றாள் மாயா.

மூட்டை இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. "எனக்குத் தெரியாதுட்டி. சத்தியமா தெரியாது," என்றாள் மகிமா. "நீ என்ன செஞ்சாலும் எனக்குச் சம்மதம்." அவளுக்கும் அது அரியர்தான் என்பதை அவள் சொல்லவில்லை.

அம்மா வேம்பு மதிய ஷிப்டுக்குப் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நீயாம்மா வாங்கின?"

"கீழ் வூட்டு அன்புக்கரசி போன்ல போட்டுக் குடுத்துது," என்றாள் அம்மா, கொசுவத்தை மடித்தபடி. "ஏன், தப்பா?"

"என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா காசு வாங்க மாட்டியே. எல்லாரும் உன்னாண்ட வாங்குறாங்கோ, நான் வாங்கக் கூடாதா? வருசம் திரும்பி வருதே, அவனுக்கு ஒரு போஸ்டர் போடணும்னு நெனச்சேன். எடம் பாத்துகினே வரும்போது கடைசில ஃப்ரெடி மூஞ்சி. அவனுக்குப் பக்கத்துல காலியா கெடந்துது."

மாயா கையிலிருந்த போனில் அந்தக் கட்டத்தை மறுபடி விரித்துப் பார்த்தாள்.

"எந்த பேனர்ல பாரேன், எங்க நின்னாலும் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் நிப்பானுங்கோ. மோட்டு உதயா பொறந்தநாளுக்கு இவன மேல போட்டு அவன கீழ போட்டுட்டாங்கோன்னு உன் அண்ணன் பேனர் கடைக்கே போய் கலாட்டா பண்ணான், ஞாபகம் கீதா? ஜானட்டு கல்யாணம்னா இவன் சொம்மாவா இருப்பான்?" அம்மா சிரித்தாள். சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். "அவன் வூட்டுக்கு வரலன்னாலும் போவுது. அங்கியாவது பக்கத்துல நிக்கட்டும்னுதான் போட்டேன். இன்னா, ஏதாச்சும் பேஜாரா?"

"ஒண்ணுமில்ல," என்றாள் மாயா.

அம்மா கைப்பிடிச் சுவரைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். அந்தச் செருப்புச் சத்தம் தேயும்வரை மாயா நின்றாள். போனில் ஓர் இடத்தைத் தொட்டால் போதும், அந்தத் துண்டு மறைந்துவிடும். மாப்பிள்ளை வீடு அடங்கும், சார் கையெழுத்துப் போடுவார், வேலை வரும். விரலைக் கொண்டுபோனாள். சித்தார்த் சிரித்துக்கொண்டிருந்தான். மண்ணில் வைத்த அண்ணனை இன்னொருமுறை தன் கையாலேயே எடுக்கச் சொல்கிறார்கள் என்று தோன்றியதும் விரல் தானாக மடங்கியது.

மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ராயபுரம் கிளம்பினாள். காலில் விழுந்தாவது கேட்டுப் பார்க்கலாம். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் போன் இன்னும் நாலைந்து முறை அதிர்ந்தது. எல்லாம் எண்ணூர்ப் பையன்கள். ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, "இன்னா பாப்பா, கடன்காரனா?" என்று கேட்டாள்.

பனைமரத்தொட்டிப் பக்கம் ஃப்ரெடியின் வீட்டு வாசலில் சீரியல் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெற்றிலைத் தட்டோடு வெளியே வந்த வியாகுலம்மாள் மாயாவைக் கண்டதும் நின்றார்.

"மாயா? நம்ம சித்தார்த்து தங்கச்சி மாயாவா? ஐயோ, எத்தினி நாளாச்சு! வா கண்ணு, உள்ள வா."

"ஆன்ட்டி, காலைல போன்ல பேசினது என்கிட்டதான். அந்தச் செவுரு நான்தான் நடத்துறேன்." மூச்சு விடாமல் சொன்னாள், விட்டால் சொல்ல முடியாது என்பதுபோல. "அந்தப் படம் அண்ணன் படம்தான். அம்மா போட்டுது."

வியாகுலம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்தார்.

"மாதாவே! மூஞ்சி தெரியலியேடி. பூ வளையம்தான் தெரிஞ்சுது. நான் பாட்டுக்கு வாய்க்கு வந்தபடி..." அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எனக்கு இன்னா அந்தப் புள்ள மேல பாசம் இல்லியா? வவ்வால் மீன் கொழம்புன்னா சட்டியோட தூக்கிகினு போவான். ஆனா இப்ப நான் இன்னா பண்ணுவேன் சொல்லு? மாப்ளயோட அத்தை ஒருத்தி கீறா, தும்முனாலே சகுனம் பாப்பா. கல்யாணத்துக்கு முன்னாடியே இப்டி ஆவுதேன்னு ஆரம்பிச்சிட்டா. எம் பொண்ணு காலத்துக்கும் அந்தப் பேச்சையே கேக்கணும். கையெடுத்துக் கும்புடறேன் கண்ணு, அந்தப் படத்த எடுத்துடு. அம்மாகிட்ட நான் வந்து சொல்றேன்."

காலில் விழலாம் என்று வந்தவளுக்கு முன்னால் அவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சொல்வதும் நியாயம்தான். பையைத் திறந்து மடிக்கணினியை வெளியே எடுத்தாள். அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, திறந்து மடியில் வைத்தாள்.

"அம்மா, அண்ணன் நேத்துலேந்து அதயேதான் பாத்துகினு கீது," என்று உள்ளேயிருந்து ஜானட்டின் குரல் வந்தது. கையில் மருதாணியோடு கதவோரம் நின்றிருந்தாள். "சோறு கூடத் துன்னல. நீ யாருகிட்டயோ கத்தும்போதே சொல்லலாம்னு வந்தேன், அண்ணன்தான் சொல்லக் கூடாதுன்னுடுச்சு."

அவளுக்குப் பின்னால் ஃப்ரெடி வந்தான். மெலிந்திருந்தான். இடது காலை ஊன்றும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மாயாவைப் பார்க்காமல் அவள் மடியிலிருந்த திரையைப் பார்த்தான்.

மாயா அவனிடமே சொன்னாள். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் அந்த ஒரு பேச்சில் இருந்தது. "நீ சொல்லு, எடுத்துடறேன். போஸ்டர்லதான் பேரு போடல. எடுக்கறதுக்காவது ஒரு வார்த்த சொல்லு."

"மாயா!" என்றார் வியாகுலம்மாள்.

"இருமா," என்றான் ஃப்ரெடி. படியில் மெதுவாக உட்கார்ந்தான். "உதயா வந்து கேட்டான், பேரு போடலாமான்னு. 'உன் பிரிவால் வாடும்'னு போட்டு என் பேரு. ஓட்டிகினு போனவனே நான்தான், எந்த மூஞ்சோட அதுக்குக் கீழ நிப்பேன்? வேணாம்னுட்டேன்." திரையில் சித்தார்த்தைக் காட்டி, "அத்த எடுக்காத," என்றான்.

"அப்ப உன் தங்கச்சி? அந்த அத்தக்காரிக்கு நான் இன்னாடா சொல்றது?" என்றார் வியாகுலம்மாள்.

ஃப்ரெடி குனிந்து, திரையில் கல்யாணக் கட்டத்தின் வலது ஓரத்தை விரலால் மேலிருந்து கீழாகக் கோடு போட்டுக் காட்டினான். "வாழ்த்துறவன் வரிசைல நான்தானே கடைசி? என்ன அதுலேந்து வெட்டி எடு. ஜானட்டுக்கும் சித்தார்த்துக்கும் நடுவுல, என்ன தனியா ஒரு கட்டமா வை. கல்யாணத்துக்குப் பக்கத்துல நான். எனக்குப் பக்கத்துல அவன். பொண்ணோட அண்ணன்காரன் நடுவுல நின்னா எவன் இன்னா சொல்லுவான்?"

வாசலில் விளக்குக் கட்டுபவன்கூட ஏணியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் கட்டத்துல இன்னா எழுதணும்னு தெரியும்ல?" என்றான் ஃப்ரெடி.

மாயாவுக்குத் தெரியும். போன வருடம் ராயபுரத்திலிருந்து வியாசர்பாடி வரை சுவரெல்லாம் ஒட்டியிருந்த வாசகம்தான். கண்ணீர் விழுந்து விசைப்பலகை நனைந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே அவள் வெட்டினாள். கல்யாணக் கட்டம் ஒரு விரல் நுனி அளவு குறுகியது. அதில் கிடைத்த இடத்தில் ஃப்ரெடி வந்து நின்றான். அவன் முகத்துக்குக் கீழே தட்டினாள்: 'உன் பிரிவால் வாடும் நண்பன் ஃப்ரெடி.'

வியாகுலம்மாள் போனைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "அந்த அத்தக்காரிக்குப் போன் போடறேன். ஒத்துக்குவாளான்னு தெரியல," என்றார். போட்டார். எதிர்முனை பிஸியாக இருந்தது. மறுபடி போட்டார்.

அங்கே உட்கார்ந்து அந்தப் பதிலுக்காகக் காத்திருக்க மாயாவால் முடியவில்லை. எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "பஸ் ஸ்டாப் வரிக்கும் வரேன்," என்று ஃப்ரெடியும் எழுந்தான்.

தெருவில் வலை காய்ந்துகொண்டிருந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்தபோது ஃப்ரெடியின் தோள் வெடுக்கென்று குறுகியதை மாயா பார்த்தாள். ஒரு வருடமாக இந்த ஊரில், இந்தச் சத்தத்துக்கு நடுவில் இவன் எப்படி இருந்தான் என்று முதல்முறையாக நினைத்தாள். நடையை மெதுவாக்கிக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. மகிமாவா, மாப்பிள்ளை வீடா, எண்ணூர்ப் பையன்களில் எவனாவதா, தெரியவில்லை. ஒத்துக்கொண்டார்களோ, இல்லையோ. திங்கட்கிழமை சார் முன்னால் என்ன சொல்லி நிற்கப் போகிறாளோ. வேலை இருக்குமோ, அம்மா இன்னும் எத்தனை நாள் அந்த அண்டாவுக்கு முன்னால் நிற்க வேண்டுமோ. மாயா போனை எடுக்கவில்லை.

"வேம்பும்மா எப்டி கீது?" என்று கேட்டான் ஃப்ரெடி, தரையைப் பார்த்துக்கொண்டு.

நல்லா கீது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடலாம். வியாசர்பாடி பஸ் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கண்டக்டர் விசில் ஊதினான். மாயா கையைக் காட்டவில்லை. பஸ் அவர்களைத் தாண்டிப் போனது.

"ஃப்ரெடிண்ணா," என்றாள். அண்ணா என்று அவனைக் கூப்பிட்டு ஒரு வருடமாகியிருந்தது. அவன் நிமிர்ந்தான்.

"அம்மா உன்ன வூட்டுக்கு வரச் சொல்லிச்சு. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ."